ராக் இசையின் ‘ஹால் ஆஃப் ஃபேம்’: நம்ம ஊர்க் கலைஞர்களின் பெயர் அதில் ஏன் இல்லை? யாருக்கெல்லாம் இடம் தரலாம்?

மலாயில் ‘லாயாங்-லாயாங்’ என்றால் பட்டம், அதாவது நூல் பிடித்துப் பறக்கவிடுகிற பட்டம். ஜொகூரில், குளுவாங்குக்கும் கூலாய்க்கும் இடையே, ரயில் பாதையை ஒட்டியிருக்கிற ஒரு சிற்றூருக்கும் அதுதான் பெயர். சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள். தமிழில் பட்டம் என்ற சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. சாதித்தவருக்கு ஊர் கூடிக் கொடுக்கும் பெயர் அது. இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது பட்டத்தைப் பற்றியது.

ராக் இசையில் அப்படி உலகமே திரும்பிப் பார்க்கும் பட்டம், அமெரிக்காவின் ‘ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம்’. 2025 நவம்பரில் நடந்த விழாவில் சவுண்ட்கார்டன் குழு அதில் சேர்க்கப்பட்டது. அந்தக் குழுவின் கிட்டார் கலைஞர் கிம் தயில், கேரளத்திலிருந்து அமெரிக்காவுக்குப் போன பெற்றோரின் பிள்ளை. “அட, நம்ம பக்கத்து ஆள்!” என்று பலரும் சந்தோஷப்பட்டார்கள்.

சரி, அப்போ நம்ம ஆட்கள்? மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இலங்கையிலும் கிட்டாரைத் தோளில் மாட்டி மேடையேறிய தமிழர்கள் எத்தனையோ பேர். அவர்களில் எத்தனை பேரின் பெயரை உங்களால் சட்டென்று சொல்ல முடியும்? இரண்டோ மூன்றோ பெயரோடு நின்றுவிட்டால் தப்பு உங்களுடையது மட்டும் இல்லை. பெயர்கள் எப்படி நினைவில் நிற்கின்றன, எப்படித் தொலைகின்றன என்பதற்குப் பின்னால் ஒரு முறை இருக்கிறது.

ஹால் ஆஃப் ஃபேம் என்றால் என்ன?

அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான அகமத் எர்டெகுன் முன்னின்று, 1983-இல் இதற்கான அறக்கட்டளையை அமைத்தார். முதல் தொகுதிக் கலைஞர்கள் 1986-இல் சேர்க்கப்பட்டார்கள். சக் பெர்ரி, எல்விஸ் பிரெஸ்லி, லிட்டில் ரிச்சர்ட், ரே சார்ல்ஸ், பட்டி ஹாலி போன்றவர்கள் அதில் இருந்தார்கள். ஒஹாயோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகரில் இதன் அருங்காட்சியகம் 1995-இல் திறக்கப்பட்டது.

கலைஞர்களை நான்கு வகையாகப் பிரித்துச் சேர்க்கிறார்கள். மேடைக் கலைஞர்களுக்கு ஒரு வகை. பிறருக்கு வழிகாட்டியாக இருந்தவர்களுக்கு இன்னொன்று. பின்னணியில் வாசித்தவர்கள், தயாரிப்பாளர்கள் போன்றோரின் இசைத் திறமைக்கு மூன்றாவது வகை. நான்காவது, இசைத் தொழிலை வளர்த்தவர்களுக்கு எர்டெகுன் பெயரில் தரும் விருது.

எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்?

மேடைக் கலைஞர்களுக்கு முதல் தகுதி ஒன்றுதான். அவர்களின் முதல் இசைப்பதிவு விற்பனைக்கு வந்து 25 ஆண்டுகள் முடிந்திருக்க வேண்டும். கொஞ்சம் நின்று கவனியுங்கள், கணக்கு தொடங்குவது முதல் மேடையில் இருந்து அல்ல, முதல் இசைத்தட்டில் இருந்து.

தகுதி பெற்றவர்களில் இருந்து ஒரு குழு சிலரைப் பரிந்துரைக்கும். பிறகு கலைஞர்கள், வரலாற்றாசிரியர்கள், இசைத் துறையினர் என ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு வாக்குச்சீட்டு போகும். 2012-இல் இருந்து ரசிகர்களும் இணையத்தில் வாக்களிக்கிறார்கள். ஆனால் லட்சக்கணக்கான ரசிகர்களின் தேர்வு கடைசியில் ஒரே ஒரு வாக்குச்சீட்டாகத்தான் எண்ணப்படுகிறது. 2020-இல் ரசிகர் வாக்கில் முதலிடம் பிடித்த டேவ் மேத்யூஸ் பேண்ட் அந்த ஆண்டு தேர்வாகவில்லை. அவர்கள் உள்ளே போனது 2024-இல். 2025-இல் முதலிடம் பிடித்த ஃபிஷ் குழுவுக்கும் அந்த ஆண்டு கதவு திறக்கவில்லை.

எதுவரை ‘ராக்’?

இது ரொம்பப் பழைய சண்டை. பாப் மார்லி 1994-இல் சேர்க்கப்பட்டார். ஆபா குழு 2010-இல், விட்னி ஹியூஸ்டன் 2020-இல், ராப் பாடகர் ஜே-ஸி 2021-இல். நாட்டுப்புறப் பாடகி டாலி பார்டன், “நான் ராக் பாடகியே இல்லை” என்று முதலில் மறுத்தார். அப்புறம் சம்மதித்து 2022-இல் சேர்ந்தார்.

ஆக அந்த அரங்கத்தில் ‘ராக்’ என்பது கிட்டார் சத்தத்தின் அளவு இல்லை. இளைஞர்களின் இசையை ஒரு திருப்பு திருப்பியவர்கள் எல்லோருக்கும் அங்கே இடமுண்டு. நாமும் அந்தப் பரந்த பொருளிலேயே எடுத்துக்கொள்வோம்.

அங்கேயே விடுபட்டவர்கள் உண்டா?

நிறையவே உண்டு. எலக்ட்ரிக் கிட்டாரைக் கையில் எடுத்து தேவாலயப் பாடல்களைப் பாடிய சிஸ்டர் ரொசெட்டா தார்ப், எல்விஸுக்கும் சக் பெர்ரிக்கும் முன்னோடி. 1973-இல் இறந்தார். அவரது கல்லறையில் பெயர் பொறித்த கல்கூடப் பல ஆண்டுகள் இல்லை. ஹால் ஆஃப் ஃபேம் அவரை ஏற்றுக்கொண்டது 2018-இல், அவர் இறந்து 45 ஆண்டுகள் கழித்து.

1960-இல் ‘தி ட்விஸ்ட்’ பாடலால் உலகத்தையே ஆடவைத்த சப்பி செக்கர், 2025 வரை காத்திருந்தார். அப்போது அவருக்கு வயது 84. நைஜீரியாவின் ஃபேலா குட்டி 2021, 2022 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் பரிந்துரைக்கப்பட்டார், இரண்டு முறையும் தேர்வாகவில்லை. பட்டியலில் இருப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் அமெரிக்கர்களும் பிரிட்டிஷ்காரர்களும்தான். ஆப்பிரிக்காவின் பெருங்கலைஞருக்கே இந்த நிலை என்றால், தென்கிழக்காசியத் தமிழர் எங்கே?

நம்ம ஊரில் கணக்கு எங்கே உதைக்கிறது?

கிளீவ்லாந்துக்காரர்கள் நம்மைக் கண்டுகொள்ளவில்லை என்று குறை சொல்வது சுலபம். ஆனால் நாளைக்கே அவர்கள் “உங்க பட்டியலைக் கொடுங்க” என்று கேட்டால் நாம் எதைக் கொடுப்போம்? நம்மிடம் பட்டியலே இல்லை. அதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, கடிகாரம். 25 ஆண்டுக் கணக்கு முதல் இசைப்பதிவில் இருந்துதான் ஓடத் தொடங்கும். நம்முடைய தோட்டப்புற இசைக்குழுக்களை நினைத்துப் பாருங்கள். கோயில் திருவிழா, கல்யாணம், தீபாவளிக் கலைநிகழ்ச்சி என்று விடிய விடிய வாசித்தார்கள். டிரம்ஸ், கீபோர்டு, பேஸ் கிட்டார் எல்லாம் இருந்தன. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் ஒரு இசைத்தட்டோ கேசட்டோ விற்பனைக்கு விடவில்லை. கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் இருந்த பதிவுக் கூடங்கள் அவர்களுக்கு எட்டாத தூரம். ஆகவே அவர்களுடைய கடிகாரம் ஓடவே தொடங்கவில்லை. எத்தனை ஆண்டு வாசித்திருந்தாலும் கணக்கு பூஜ்யம்.

இரண்டாவது, மொழி. மலேசியாவின் பெரிய இசை மேடைகளில் ஒன்றான ‘ஜுவாரா லாகு’ 1986-இல் தொடங்கியது. அது மலாய்ப் பாடல்களுக்கான மேடை. தமிழில் பாடினால் அங்கே இடமில்லை. சரி, மலாயில் பாடிப் புகழ்பெற்ற தமிழர்? அவரை மலாய் ரசிகர்கள் கொண்டாடுவார்கள், நாமோ “அது மலாய்ப் பாட்டுதானே” என்று விட்டுவிடுவோம். ஆங்கிலத்தில் பாடியவரை இரண்டு பக்கமும் சொந்தம் கொண்டாடுவதில்லை.

மூன்றாவது, உறையில் இருக்கும் பெயர். பாடகரின் முகம் இசைத்தட்டின் உறையில் இருக்கும். பேஸ் கிட்டார் யார், டிரம்ஸ் யார் என்பது பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தால் அதுவே பெரிய விஷயம். இன்றைக்கு ஸ்ட்ரீமிங் தளத்தில் ஒரு பழைய பாட்டைத் தட்டினால் அந்தப் பொடி எழுத்தும் பல நேரங்களில் கிடைப்பதில்லை. வாசித்தவரின் பெயர் அத்தோடு போச்சு.

இதற்கெல்லாம் மேலே, ராக் இசையையே சந்தேகமாகப் பார்த்த காலமும் இருந்தது. 1972-இல் சிங்கப்பூருக்கு வந்த லெட் செப்பலின் குழு, நீளமான முடி காரணமாக விமானத்தை விட்டு இறங்க அனுமதிக்கப்படவில்லை. அதே குழு 1995-இல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்ந்தது. மலேசியாவில் 1992-இல் நீள முடி வைத்த ராக் பாடகர்களுக்கு வானொலி, தொலைக்காட்சிக் கதவுகள் மூடப்பட்டன. லாயாங்-லாயாங்கில் இருந்து காரில் சுமார் ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஜொகூர் பாருவில் 1981-இல் உருவான ‘சர்ச்’ குழுவும் அந்தச் சிக்கலில் மாட்டியது. அதன் பாடகர் எமி முடியை வெட்டிக்கொண்டது அப்போது நாடே பேசிய செய்தி.

‘சர்ச்’ இன்றைக்கு மறக்கப்படவில்லை. 1985-இல் முதல் ஆல்பம், 1989-இல் ‘இசபெல்லா’. மலேசியர்கள் ‘ரோக் காபாக்’, அதாவது கோடாரி ராக் என்று செல்லமாக அழைக்கும் அலையின் பெரிய பெயர் அது. அதிகாரம் தடுத்தும் அந்தப் பெயர் நின்றதற்குக் காரணம், இசைத்தட்டுகளும் கேசட்டுகளும் வீடு வீடாக இருந்தன. பதிவாகியிருந்தால் தடையைக்கூடத் தாண்டிவிடலாம். பதிவாகாததைத் தடுக்க யாரும் தேவையில்லை, அது தானாகவே மறைந்துவிடும்.

யாருக்கெல்லாம் இடம் தரலாம்?

நமக்கென்று ஒரு புகழரங்கம் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். கிளீவ்லாந்தின் விதிகளையே கொஞ்சம் தளர்த்திப் பயன்படுத்தினால், கீழே உள்ள பெயர்களை முதல் பட்டியலில் வைக்கலாம். இது தீர்ப்பு இல்லை, பேச்சைத் தொடங்குவதற்கான பட்டியல்.

லோகநாதன் ஆறுமுகம், ‘அலிகேட்ஸ்’

பினாங்கு அண்ணன் தம்பிகள் டேவிட் ஆறுமுகம், லோகநாதன். பந்து போல் திரண்ட சுருள் முடி அவர்களுடைய அடையாளம். ஆங்கிலப் பாடல்களோடு மேடையேறி, ஹாங்காங் வரை போய் வாசித்து, 1970-களின் கடைசியில் மலாய் ஆல்பங்களுக்கு வந்தார்கள். எம். நாசிர் போன்றவர்கள் அவர்களுக்கு இசையமைத்தார்கள். ‘ஹிங்கா அக்ஹிர் நந்தி’, ‘செகுந்தும் மாவார் மேரா’, ‘செஞும்லா கோலாலம்பூர்’ ஆகியவற்றில் ஒன்றையாவது உங்க அம்மா அப்பா முணுமுணுத்திருப்பார்கள்.

‘அலிகேட்ஸ்’ மறக்கப்பட்ட குழு இல்லை. டேவிட் இன்று டத்தோ டேவிட் ஆறுமுகம். ஆனால் லோகநாதன் 2007 ஜூனில் மறைந்தார். அவரை ‘டேவிட்டின் தம்பி’ என்று மட்டும் நினைவில் வைப்பது அநியாயம். அவர் தனியாகவும் ஆல்பங்கள் பாடியவர். ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். உங்களுக்குத் தெரிந்த ‘அலிகேட்ஸ்’ பாட்டு ஒன்றில் முன்னணிக் குரல் யாருடையது, டேவிட்டா, லோகநாதனா? பதில் தெரியவில்லை என்றால், விடுபடுதல் எப்படி நடக்கிறது என்று இப்போது புரிந்திருக்கும். பிரபலமான குழுவுக்கு உள்ளேயே ஒருவர் மங்கிப் போகலாம்.

ஜிம் மாடசாமி, ‘புளூஸ் கேங்’

1970-களின் கடைசியில் வந்த ‘அப்போ நாக் டிகாத்தோ’ மலேசிய புளூஸ் ராக்கின் அடையாளப் பாட்டு. நெகிரி செம்பிலானின் பேச்சு வழக்கை அப்படியே ராக்குக்குள் கொண்டுவந்த பாட்டு அது. முன்னணியில் நின்று பாடியவர் ஈத்தோ. அந்தக் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தவர் ஜிம் மாடசாமி.

பேஸ் கிட்டார் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். புளூஸ் இசையில் பாட்டு நடக்கிற நடையே பேஸின் கையில்தான் இருக்கிறது. அதை நிறுத்திப் பாருங்கள், பாட்டு நொண்டும். கிளீவ்லாந்தில் 2025-இல் இசைத் திறமைக்காகத் தேர்வான மூவரில் ஒருவர் கரோல் கே, பேஸ் கிட்டார் கலைஞர். அவர் அந்தக் கௌரவத்தை வேண்டாம் என்று மறுத்துவிட்டார், அது வேறு கதை. பின்வரிசையில் நின்றவர்களையும் தேட வேண்டும் என்று அந்த அரங்கமே இப்போது ஒப்புக்கொண்டிருக்கிறது.

ஜிம்மி அப்புதுரை, ‘ஸ்ட்ரே டாக்ஸ்’

1960-களின் சிங்கப்பூரில் தெருவுக்கொரு கிட்டார் குழு இருந்தது. பலரும் கிளிஃப் ரிச்சர்ட், பீட்டில்ஸ் பாடல்களை அச்சு அசலாக வாசித்துக்கொண்டிருந்தபோது, முரட்டுத்தனமான புளூஸ் பக்கம் போன குழு ‘ஸ்ட்ரே டாக்ஸ்’. அதில் கிட்டார் வாசித்தவர் ஜிம்மி அப்புதுரை. தீவின் ‘அண்டர்கிரவுண்ட்’ இசை பற்றிப் பேசுகிறவர்கள் இந்தக் குழுவைத் தொடாமல் போவதில்லை. தமிழில் பேசும்போது மட்டும் இந்தப் பெயர் வருவதில்லை.

பால் பொன்னுதுரை

ஈப்போவில் பிறந்து சிங்கப்பூரில் வாசித்த கிட்டார் கலைஞர். ஒற்றைக் கிட்டாரில் பேஸ், தாளம், மெட்டு மூன்றையும் ஒரே நேரத்தில் கொண்டுவருவார். எல்லோருக்கும் தெரிந்த பாட்டை எடுத்து, பிரித்து, வேறு ஒன்றாகக் கட்டித் தருவார். நேற்று வாசித்தது போல் இன்று வாசிக்க மாட்டார். உலகம் கேள்விப்படாத மிகப் பெரிய இசைக்கலைஞர்களில் ஒருவர் என்கிற பொருளில் ‘டைம்’ இதழ் அவரைப் பற்றி எழுதியது.

அவர் வாசித்தது பெரும்பாலும் மதுக்கூடங்களின் சின்ன மேடைகளில். 2012 ஜூலையில், 51 வயதில் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற பதிவுகள், அவருடைய திறமைக்கு முன்னால் மிகக் குறைவு. அந்த மேடைகளுக்கு முன்னால் உட்கார்ந்து கேட்டவர்களின் ஞாபகத்தில்தான் பெரும்பகுதி இருக்கிறது. அவர்களுக்கும் வயதாகிறது.

‘ருத்ரா’

இந்தப் பட்டியலில் மிகச் சத்தமான பெயர் இதுதான். சிங்கப்பூரில் 1992-இல் கதிர், சிவா, பாலா ஆகியோர் தொடங்கிய டெத் மெட்டல் குழு. உபநிடதம், கீதை இவற்றின் கருத்துகளையும் சமஸ்கிருத மந்திரங்களையும் உறுமும் குரலோடும் வேகமான டிரம்ஸோடும் சேர்த்தார்கள். ‘வேதிக் மெட்டல்’ என்று அதற்கு ஒரு பெயரே வந்தது. முதல் ஆல்பம் 1998-இல். பிறகு ‘பிரம்மவித்யா’ என்ற பெயரில் 2005, 2009, 2011 என மூன்று ஆல்பங்கள்.

25 ஆண்டு விதிப்படி பார்த்தால் ‘ருத்ரா’ 2023-லேயே தகுதி பெற்றுவிட்டது. இவர்கள் விஷயத்தில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. தொடர்ந்து ஆல்பங்களாகப் பதிவு செய்ததாலும், சிங்கப்பூர் ஆய்வாளர் யூஜின் டைரியநாதன் இவர்களைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதியதாலும், இவர்களின் வரலாறு கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. உங்களுக்கு மெட்டல் பிடிக்காமல் இருக்கலாம், பரவாயில்லை. ஒரு புகழரங்கம் உங்க ரசனையைக் கேட்காது, இசையை யார் எங்கே திருப்பினார்கள் என்றுதான் கேட்கும்.

‘பொயட்டிக் ஆம்மோ’, யோகி பி

ஜே-ஸிக்கு இடமுண்டு என்றால் இவர்களுக்கும் உண்டு. யோகி பி இடம்பெற்ற ‘பொயட்டிக் ஆம்மோ’ ராப் குழுவின் முதல் ஆல்பம் 1998-இல் வந்தது. ஆங்கிலம், மலாய், தமிழ் என்று மொழி தாண்டித் தாண்டிப் பாடினார்கள். பிறகு ‘யோகி பி அண்ட் நட்சத்ரா’வாக 2006-இல் வந்த ‘வல்லவன்’ ஆல்பம் தமிழ்நாட்டு இளைஞர்களிடமும் மலேசியத் தமிழ் ராப்பைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. சென்னையில் இருந்து இங்கே பாட்டு வருவதுதான் வழக்கம். இங்கிருந்து அங்கே போனது அபூர்வம்.

நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன்

மலேசியாவை விட்டுக் கொஞ்சம் வெளியே போனால், இலங்கையின் ‘பொப்பிசை’. 1960-களின் கடைசியில் நித்தி கனகரத்தினம் எளிய பேச்சுத் தமிழில், கிட்டாரோடு, பைலா தாளத்தில் பாட ஆரம்பித்தார். ‘சின்ன மாமியே’ தமிழர் வாழும் நாடெல்லாம் சுற்றியது. ‘சுராங்கனி’யைப் பிரபலமாக்கிய சிலோன் மனோகர் என்கிற ஏ.ஈ. மனோகரன் 2018 ஜனவரியில் சென்னையில் மறைந்தார். சினிமாவை நம்பாமலே தமிழில் இளைஞர் இசை நிற்க முடியும் என்று முதலில் காட்டியவர்கள் இவர்கள். இன்றைய ‘இண்டி’ பாடகர்களுக்கு இவர்கள்தான் தாத்தாக்கள்.

இந்தப் பட்டம் எல்லாம் உண்மையிலேயே தேவையா?

நியாயமான கேள்வி. கலைஞன் கைதட்டலுக்காக வாசிக்கிறான், கல்வெட்டுக்காக இல்லை என்று சொல்பவர்கள் உண்டு. ஒரு சிலர் கூடி உட்கார்ந்து “இவர் உள்ளே, அவர் வெளியே” என்று முடிவு செய்வதே தப்பு என்பவர்களும் உண்டு. கிளீவ்லாந்து அரங்கத்தின் மீதும் அதே புகார் இருக்கிறது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான யான் வென்னர், பெண் கலைஞர்களையும் கறுப்பினக் கலைஞர்களையும் குறைத்துப் பேசியதால் 2023-இல் அதன் நிர்வாகக் குழுவில் இருந்து நீக்கப்பட்டார்.

இன்னொரு கேள்வியும் வரும். இவர்கள் எல்லாரையும் ‘தமிழர்’ என்ற ஒரே பெட்டியில் போடலாமா? ஜிம் மாடசாமி வாசித்தது நெகிரி செம்பிலான் மலாய்ப் பாட்டுக்கு. ‘ருத்ரா’ பாடுவது ஆங்கிலத்திலும் சமஸ்கிருதத்திலும். பால் பொன்னுதுரை எந்தப் பெட்டிக்கும் அடங்காதவர். இவர்களைத் தமிழர் என்று மட்டும் சுருக்கினால், மலேசிய, சிங்கப்பூர் ராக் வரலாற்றில் இருந்து நாமே அவர்களைப் பிரித்து எடுத்துவிட்டது போல் ஆகும். எனவே கேட்க வேண்டியது தனி மண்டபம் இல்லை. பொதுவான வரலாற்றில், வாசித்த இடத்தில், அவர்கள் பெயர் சரியாக எழுதப்பட வேண்டும் என்பதே.

பட்டத்தைவிடப் பட்டியல் முக்கியம். ஹால் ஆஃப் ஃபேமின் நிஜமான பயன், அந்த விழாவோ கோப்பையோ இல்லை. யாரைச் சேர்ப்பது என்று சண்டை போடுவதற்காகவாவது, யார் எப்போது என்ன வாசித்தார் என்று தேடி எழுதுகிறார்கள். அந்தத் தேடல்தான் ரொசெட்டா தார்ப்பை மீட்டது.

நம்ம பக்கத்தில் யாராவது செய்திருக்கிறார்களா?

செய்திருக்கிறார்கள். பி. ரம்லிக்கு கோலாலம்பூர் செத்தாப்பாக்கில் அவர் வாழ்ந்த வீடே 1986-இல் நினைவகமாகத் திறக்கப்பட்டது. பினாங்கில் பால் அகஸ்டினும் ஜேம்ஸ் லாக்ஹெட்டும் 1930-கள் முதல் 1960-கள் வரையிலான பினாங்கு இசை பற்றித் தகவல் திரட்டிப் பெரிய நூலாகக் கொண்டுவந்தார்கள். அதைத் தொடர்ந்து 2016-இல் கொம்தாரில் ‘பினாங்கு ஹவுஸ் ஆஃப் மியூசிக்’ உருவானது. பழைய புகைப்படங்கள், நாளிதழ்த் துண்டுகள், இசைத்தட்டுகள், வாசித்தவர்களின் நேர்காணல்கள் என்று எல்லாவற்றையும் தேடிச் சேர்த்தார்கள். ஒரு மாநிலத்தின் இசையைச் சிலர் சேர்ந்து காப்பாற்ற முடியும் என்றால், ஜொகூரின் தோட்டங்களுக்கும் அது முடியும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

லாயாங்-லாயாங், ரெங்கம், கூலாய் வட்டாரத்தில் இருக்கிறீர்களா? உங்க தாத்தாவோ சித்தப்பாவோ ஒரு காலத்தில் ‘பேண்டு’ல வாசித்தவரா? அப்படியென்றால் கீழே உள்ளவற்றை இந்த வார இறுதியிலேயே தொடங்கலாம். பெரிய செலவில்லை.

• படத்துக்குப் பெயர் எழுதுங்கள். பழைய மேடைப் படம் இருந்தால், நிற்கிறவர்கள் யார், யார் என்ன வாசித்தார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். படம் நூறு ஆண்டு இருக்கும், பெயர் சொல்லத் தெரிந்தவர் இருக்க மாட்டார்.

• கைப்பேசியில் குரலைப் பதியுங்கள். “என்ன பாட்டு வாசிச்சீங்க? கிட்டார் எங்கே வாங்கினீங்க? ஒரு நிகழ்ச்சிக்கு எவ்வளவு கொடுப்பாங்க?” என்று சாதாரணமாகக் கேளுங்கள். “உங்க சாதனை என்ன?” என்று கேட்டால் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

• கேசட்டைக் காப்பாற்றுங்கள். நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் ஓடவிடாதீர்கள். அது பிளேயரையும் கெடுக்கும், மற்ற கேசட்டுகளுக்கும் பரவும். நல்ல நிலையில் இருந்தால் ஒருமுறை முழுசாக முன்னும் பின்னும் ஓட்டிவிட்டு, பிளேயரைக் கணினியோடு இணைத்துப் பதியுங்கள். எம்பி3 மட்டும் போதாது, சுருக்கப்படாத வேவ் கோப்பாகவும் வைத்திருங்கள். இரண்டு வேறு இடங்களில் பிரதி இருக்கட்டும்.

• உறையைத் தூக்கிப் போடாதீர்கள். கேசட்டின் அட்டை, இசைத்தட்டின் பின்பக்கம் எல்லாவற்றையும் படம் பிடியுங்கள். பின்வரிசைக் கலைஞர்களின் பெயர் இருக்கும் ஒரே இடம் அதுவாக இருக்கலாம்.

• கேட்டுவிட்டு வெளியிடுங்கள். பழைய பதிவை இணையத்தில் ஏற்றும் முன் பாடியவர், வாசித்தவர் அல்லது அவர்கள் குடும்பத்தின் சம்மதத்தைப் பெறுங்கள். உரிமை வேறு ஒருவரிடம் இருக்கலாம். வீட்டில் பத்திரப்படுத்துவது ஒன்று, உலகத்துக்கு வெளியிடுவது இன்னொன்று.

• நீங்களே இசைக்குழு வைத்திருந்தால், இன்றைக்கே கணக்கைத் தொடங்குங்கள். பாட்டை வெளியிடும்போது யார் என்ன வாசித்தார் என்ற விவரத்தை முழுசாக நிரப்புங்கள். மலேசியாவில் 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்டில் வெளியாகும் நூல்களைப் போலவே இசைப்பதிவுகளின் பிரதியும் தேசிய நூலகத்தில் ஒப்படைக்கப்பட வேண்டும். அது வெறும் சம்பிரதாயம் இல்லை, உங்க பெயர் நிற்கப் போகிற இடம்.

அடுத்து என்ன?

1960-களில் இருபது வயதில் கிட்டார் பிடித்தவர்கள் இன்று எண்பதை நெருங்குகிறார்கள் அல்லது தாண்டிவிட்டார்கள். லோகநாதனையும் பால் பொன்னுதுரையையும் நேரில் கேட்க இனி வழியில்லை. ஆனால் அவர்கள் காலத்தில் தோட்டத்து மேடைகளில் வாசித்த பலர், ஞாபகம் தெளிவாக, உங்க தாமானிலேயே இருக்கலாம். கிளீவ்லாந்தில் இருந்து யாரும் அவர்களைத் தேடி வரப்போவதில்லை.

ஆகவே முதல் பரிந்துரை உங்களுடையதாக இருக்கட்டும். ஒரு பெயர், ஒரு ஆண்டு, அவர் வாசித்த கருவி. இந்த மூன்றையும் சரிபார்த்து எழுதிவைத்தாலே போதும், அந்தக் கலைஞரின் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும்.